வலசை

மைக்ரேஷன் என்பதைத் தமிழில் சொல்ல, இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இடப்பெயர்வு, புலம்பெயர்வு, குடிபெயர்வு எல்லாம் புழக்கத்தில் உள்ளவை. ஆனால் அவை மனிதரின் கதையைச் சுமந்துகொண்டிருக்கின்றன. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வெறுமையானபின் சனம் வன்னிக்கு வந்து சேர்ந்ததும், 2009இல் வன்னிச் சனமே ஊர் ஊராக ஓடியதும் இடப்பெயர்வு. கனடாவில் இருப்பவர் புலம்பெயர்ந்தவர். மாரியில் மன்னாரின் கட்டுக்கரைக் குளத்துக்கு வந்து, சித்திரையளவில் வடக்கே திரும்பிவிடும் ஊசிவால் வாத்தை இந்தச் சொற்களால் அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. அதற்கு வலசை என்ற சொல்லே பொருத்தம்.

இந்தச் சொல்லும் ஒரு காலத்தில் மனிதரின் துயரத்தைத்தான் குறித்தது. பகைப்படைக்கு அஞ்சிக் குடிகள் ஊரைவிட்டு ஓடுவதை வலசை என்றார்கள். அகராதிகள் தரும் பழைய பொருள் அதுதான். தெலுங்கில் வலச, கன்னடத்தில் வலசெ என்று இதன் உறவுச் சொற்கள் இன்றும் இடம்பெயர்தலையே குறிக்கின்றன. தமிழில் மட்டும், பறவைகளைப் பற்றி எழுதியவர்களின் கையில் அது மெல்லப் பறவைகளுக்கு உரியதாகிவிட்டது. புறநானூற்றில் பிசிராந்தையார் குமரித்துறை அன்னத்தைப் பார்த்து ‘வடமலைப் பெயர்குவை ஆயின்’ என்கிறார். சொல் வேறு, நிகழ்வு இதுதான்.

சரி, எதை வலசை என்பது? பருவத்தோடு ஒட்டிப் போவதும் திரும்பி வருவதும், தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதும் வேண்டும். பசியோ குளிரோ துரத்தினால்தான் பறவை கிளம்பும் என்றில்லை. கூண்டில் தீனி நிறைய இருந்தாலும், பருவம் வந்ததும் வலசைப் பறவைகள் இரவில் நிலைகொள்ளாமல் சிறகடிக்கும். உடலுக்குள்ளே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது.

சூழல் மாறும்போது சிக்கல் தொடங்குவதும் பகலின் நீளத்தைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் அந்தக் கடிகாரத்தில்தான். வன்னியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒரு மணி நேரமே வித்தியாசம். வடக்கே பனி முன்கூட்டியே உருகிவிட்டது என்று இங்கே இரை தேடும் பறவைக்கு யார் சொல்வது? ஆபிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்து நெதர்லாந்துக்குத் திரும்பும் ஒருவகை ஈப்பிடிப்பான் குருவிக்கு இதுதான் நேர்ந்தது. குஞ்சுகளுக்கு ஊட்டவேண்டிய புழுக்கள் பெருகும் நாட்கள் முன்னே நகர்ந்துவிட்டன. குருவி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. சில காடுகளில் அதன் தொகை பெருமளவு சரிந்தது. எல்லாப் பறவைக்கும் இதே கதி இல்லை. ஜேர்மனிப் பக்கத்தில் கூடுகட்டும் கறுப்புத்தலைக் கதிர்க்குருவிகளில் ஒரு பகுதி, 1960களிலிருந்து தெற்கே போவதை விட்டுப் பிரித்தானியாவில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பறக்கும் திசை மரபுவழி வருவது என்பதால், சில பத்தாண்டுகளுக்குள் புதிய வலசையே உருவாகிவிட்டது. நடத்தை மாறுவதும் இசைவாக்கம்தான், அதாவது சூழலுக்கு ஏற்ப உயிர்கள் மாறிக்கொள்வதுதான். அதற்கு உடலமைப்பு மாறும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.

வரும் பறவை சும்மா வந்து போவதில்லை. வாத்து விழுங்கிய நீர்த்தாவர விதைகளில் சில செரிக்காமல் எச்சத்தோடு வேறொரு குளத்தில் விழுந்து முளைக்கின்றன. நந்திக்கடல், சுண்டிக்குளம், வங்காலை போன்ற இடங்களின் சேற்றில் கரையோரப் பறவைகள் புழுவும் சிறு இறாலும் பொறுக்குகின்றன. சேற்றுக்குள் எது பெருகுகிறது, எது குறைகிறது என்பதில் அந்த அலகுகளுக்கும் பங்குண்டு. வங்காலை 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இன்னொன்று. யானை நடமாட்டத்துக்கும் ‘வலசைப் பாதை’ என்று எழுதுகிறார்கள். இலங்கை யானைகள் நெடுந்தூர வலசை போவதில்லை. பழகிய ஒரு பரப்புக்குள்ளேயே தண்ணீரையும் தீனியையும் தேடி நடக்கின்றன. ஆகவே வேலி போட்டுத் துரத்திய யானை இன்னொரு காட்டில் குடியேறிவிடும் என்று நினைப்பது தவறு. அது தன் இடத்துக்கே திரும்ப முயலும். யானை நடக்கும் பாதையை யானைத்தடம் என்றே எழுதலாம். வலசையைப் பறவைக்கு விட்டுவிடலாம்.