சைலன்சரைப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு

2024 கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். ராத்திரி ஒன்பது மணி இருக்கும், ஹூஸ்டன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். இன்ஜினியர், கிரீன் கார்டு வாங்கிவிட்டவர், அமெரிக்கப் பெண்ணைக் கட்டியவர். "அண்ணா, மாமனாருக்கு ஒரு சப்ரஸர் வாங்கி வச்சிருக்கேன். கிஃப்ட் பேப்பர்லகூட சுத்தியாச்சு. கொடுக்கும்போது ஏதாவது கையெழுத்து வாங்கணுமா?" என்றார். சப்ரஸர் என்றால் வெடிச் சத்தத்தைக் குறைக்கத் துப்பாக்கிக் குழலில் மாட்டும் சைலன்சர்.

"நல்ல வேளை கேட்டீங்க. கொடுத்துடாதீங்க," என்றேன்.

டெக்ஸாஸில் உயிலும் டிரஸ்டும் எழுதிக் கொடுப்பது என் வேலை. குடியேற்றச் சட்டத்தையும் பார்க்கிறேன். வருடக் கடைசியில் இந்த மாதிரி அழைப்பு ஒன்றிரண்டாவது வந்துவிடும். கேட்பவர் யாரும் தப்பான ஆள் இல்லை. பாசத்தில் செய்கிறார்கள். அந்தத் தம்பியின் மாமனார் நாற்பது வருடமாக மான் வேட்டைக்குப் போகிறவர், ஒரு காது ஏறக்குறைய போய்விட்டது. மிச்சமிருக்கும் காதையாவது காப்பாற்றலாம் என்று மருமகன் நினைத்தார். நியாயமான எண்ணம்தான். துப்பாக்கி வெடிக்கும் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். அந்த அளவில் ஒரே ஒரு வெடி போதும், காதுக்கு நிரந்தரக் கெடுதல் வரலாம். சைலன்சர் அதில் இருபது முப்பது டெசிபல்தான் குறைக்கும். சினிமாவில் வரும் 'புஸ்' சத்தம் நிஜத்தில் கிடையாது. சைலன்சர் மாட்டினாலும் காதடைப்பு போட்டுக்கொள்வதுதான் நல்லது.

நம் ஊரில் சைலன்சர் என்றால் மோட்டார் பைக் ஞாபகம் வரும். அமெரிக்கக் கடைக்காரர்கள் சப்ரஸர் என்பார்கள், சட்டப் புத்தகத்தில் சைலன்சர் என்றே இருக்கும். 1909ல் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஹைரம் பெர்சி மாக்ஸிம். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்ஸிமின் மகன். 1934ல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தபோது, இயந்திரத் துப்பாக்கியோடு சைலன்சரையும் அதே பட்டியலில் சேர்த்தார்கள். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் 200 டாலர் வரி, மத்திய அரசின் பதிவேட்டில் பெயர். இன்றைய மதிப்பில் அந்த 200 டாலர் நாலாயிரத்துக்கும் மேலே. தொண்ணூறு வருடம் அந்தத் தொகையை யாரும் தொடவில்லை. 2025 ஜூலை 4ல் கையெழுத்தான சட்டம்தான், 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கு அந்த வரியைப் பூஜ்ஜியமாக்கியது.

இங்கேதான் இப்போது நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "வரிதான் போயிடுச்சே, இனி சாதாரணப் பொருள் மாதிரிதானே?" என்று கேட்கிறார்கள். இல்லை. போனது வரி மட்டும்தான். பதிவு, விரல்ரேகை, போட்டோ, பின்னணிச் சோதனை, உள்ளூர் போலீஸ் தலைமைக்கு ஒரு நகல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வரியில்லாமல் பதிவு மட்டும் எதற்கு என்று கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள். சட்டம் மாறும்வரை மாறவில்லை என்றுதான் நடந்துகொள்ள வேண்டும்.

சரி, அந்தத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவர் செய்தது எதுவும் குற்றமில்லை. உரிமம் உள்ள கடையில் தன் பெயரில் படிவம் 4 (கைமாற்றத்துக்கான விண்ணப்பம்) போட்டார், துப்பாக்கிகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்பின் அனுமதி வந்தது, வாங்குபவர் கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பொருளை எடுத்து வந்தார். அந்த வரிசை எண் பதிவேட்டில் அவர் பெயரில் இருக்கிறது. மாமனார் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினால், அந்த நிமிடமே இரண்டு குற்றம் நடந்துவிடும். அனுமதியில்லாமல் கைமாற்றியது மருமகன் செய்த குற்றம். தன் பெயரில் பதிவாகாததை வைத்திருப்பது மாமனாரின் குற்றம். பத்து வருடம் வரை சிறை. பரிசு வாங்கியவருக்கும் அதே தண்டனைதான் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை.

சாதாரணத் துப்பாக்கியில் பரிசுக்கு ஒரு இடம் உண்டு. என் காசில் ஒரு ரைஃபிள் வாங்கி, அதே மாநிலத்தில் இருக்கும், துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத அண்ணனுக்குக் கொடுத்தால், பல மாநிலங்களில் அது பரிசுதான். அதிலும் பணம் யாருடையது என்பது முக்கியம். 2014ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன அப்ரம்ஸ்கி வழக்கில், ஒரு முன்னாள் போலீஸ்காரர் தன் மாமாவுக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா முன்கூட்டியே 400 டாலர் செக் அனுப்பியிருந்தார். மாமாவும் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக்கூடியவரே. ஆனாலும் படிவத்தில் "நான்தான் வாங்குகிறேன்" என்று எழுதியது பொய் என ஐந்துக்கு நாலு என்று தீர்ப்பு வந்தது. சைலன்சரில் இந்தப் பரிசு என்ற வாசலே கிடையாது. யார் கையில் இருக்கப் போகிறதோ அவர் பெயரில் படிவம் போட்டு அனுமதி வந்தாக வேண்டும்.

அதனால் பரிசு கொடுக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காசைக் கொடுங்கள், பொருளை வாங்காதீர்கள். உரிமம் உள்ள கடையில் நீங்கள் பணம் கட்டலாம், அல்லது அந்தக் கடையின் கிஃப்ட் கார்டு வாங்கலாம். பெறுபவர் தானே போய், தனக்குப் பிடித்ததை, தன் துப்பாக்கியின் குழல் அளவுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்து, தன் பெயரில் படிவம் 4 போடட்டும். கடையிலிருந்து வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். அவர் வேறு மாநிலத்தில் இருந்தால் அந்த மாநிலத்துக் கடையில் பணம் கட்டுங்கள், உங்கள் ஊரில் வாங்கிக் கொண்டுபோகாதீர்கள். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்ஸி, இல்லினாய்ஸ், மாசசூசெட்ஸ், டெலவேர், ரோட் ஐலண்ட், ஹவாய் ஆகிய எட்டு மாநிலங்களில் பொதுமக்கள் இதை வைத்திருக்கவே கூடாது. அங்கே இருக்கும் மச்சானுக்கு வேறு பரிசு பாருங்கள். முன்பு அனுமதி வர எட்டு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். 2024க்கு அப்புறம் ஆன்லைன் விண்ணப்பத்தில் அது நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் வந்துவிட்டது.

ஏற்கெனவே வாங்கிவிட்டால்? ஒரே மாநிலத்துக்குள் என்றால் உங்களிடமிருந்து அவருக்கு இன்னொரு படிவம் 4. அந்தத் தம்பி அதைத்தான் செய்தார், இரண்டாவது 200 டாலரும் கட்டினார். கிறிஸ்துமஸ் அன்று அந்தப் பொருளின் போட்டோவை ஒரு டப்பாவில் வைத்து, "பேப்பர் போட்டாச்சு, வந்ததும் உங்களுடையது" என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து வேட்டைக்குப் போனார்கள். பதிவு பெற்றவர் பக்கத்தில் நிற்கும்போது அடுத்தவர் சுட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் தப்பு.

டிரஸ்ட் பற்றியும் கேட்கிறார்கள். டிரஸ்ட் பெயரில் வாங்கினால் அதில் இருக்கும் அறங்காவலர்கள் எல்லாரும் வைத்துக்கொள்ளலாம். கணவன் மனைவிக்கு நல்ல ஏற்பாடு அது. தனிப்பெயரில் வாங்கி, பெட்டகத்தின் எண்ணை மனைவிக்கும் சொல்லிவைத்திருக்கும் வீடுகளில், மனைவியின் கைவசமும் இருப்பதாகச் சட்டம் பார்க்கக்கூடும். 2016 ஜூலையிலிருந்து, விண்ணப்பிக்கும் நேரத்தில் டிரஸ்டில் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் விரல்ரேகையும் போட்டோவும் கொடுக்க வேண்டும். ஆனால் டிரஸ்ட் என்பது கூட்டாக வைத்துக்கொள்வது. கொடுத்துவிட்டு மறந்துபோகும் பரிசுக்கு அது பொருந்தாது.

இனி சொல்லப் போவதை நம் ஆட்கள் கவனமாகப் படிக்க வேண்டும். எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. சட்டத்தின் கண்ணில் சைலன்சரும், தனியாக இருந்தாலும், துப்பாக்கிதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அந்த விலக்கை நம்பி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். டெக்ஸாஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31ல் முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் அதே மனிதர், அதே அலமாரி, அதே பொருள், ஆனால் குற்றவாளி. இந்தப் பிரிவிலோ, பதிவில்லாத சைலன்சர் பிரிவிலோ தண்டனை கிடைத்தால் குடியேற்றச் சட்டத்தில் அது மிகக் கடுமையான குற்றப் பட்டியலில் விழும். கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தல்தான், மன்னிப்பு கேட்கும் வழிகள் பெரும்பாலும் அடைபட்டுவிடும். பதினைந்து வருடம் கட்டிய வாழ்க்கை, பிள்ளைகளின் பள்ளி, வீட்டுக் கடன் எல்லாம் ஒரு அடி நீள உலோகக் குழாய்க்காகப் போக வேண்டுமா? விசாவில் இருக்கும் நண்பருக்கு இதைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். அவரே கேட்டாலும் கொடுக்காதீர்கள். கிரீன் கார்டு வரட்டும்.

இந்தியாவுக்கு எடுத்துப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. இங்கே ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கிறது. அங்கே 1959ஆம் வருட ஆயுதச் சட்டம், சத்தத்தைக் குறைக்கும் துணைக்கருவியையும் துப்பாக்கி என்றே வரையறுக்கிறது.

இன்னொரு ஆபத்து ஆன்லைனில் இருக்கிறது. துப்பாக்கி சுத்தம் செய்யும் கிட், சால்வென்ட் டிராப் என்ற பெயரில் ஐம்பது, நூறு டாலருக்கு ஒரு குழாய் விற்பார்கள். உள்ளே கிண்ணம் கிண்ணமாக அடுக்கியிருக்கும். ஒரு அம்மா கணவரின் பிறந்தநாளுக்கு இதை ஆர்டர் செய்துவிட்டு, "விலை ரொம்பக் கம்மியா இருக்கே, சரியான பொருள்தானா?" என்று எனக்குப் படம் அனுப்பினார். சைலன்சர் செய்வதற்கென்று சேர்த்த உதிரிப் பாகங்களே சட்டப்படி சைலன்சர்தான். இப்படி வாங்கியவர்களுக்கு ஏடிஎஃப் கடிதம் அனுப்பியிருக்கிறது. பொருளைத் தொடாமல் ஆர்டரை ரத்து செய்யச் சொன்னேன், நல்லவேளை அது இன்னும் கிளம்பியிருக்கவில்லை. உண்மையான சைலன்சர் வீட்டு வாசலுக்குப் பார்சலில் அப்படியே வந்து விழாது. முதலில் அனுமதி வர வேண்டும்.

"எங்க மாநிலத்துல செஞ்சது, மத்திய சட்டம் பொருந்தாது" என்று சொல்லும் கடைக்காரரையும் நம்பாதீர்கள். கான்சஸ் மாநிலம் அப்படியே ஒரு சட்டம் போட்டது. அதை நம்பி விற்ற கடைக்காரரும், வாங்கிய முன்னாள் ராணுவ வீரரும் மத்திய நீதிமன்றத்தில் குற்றவாளிகள் ஆனார்கள். மேல்முறையீட்டிலும் தோற்றார்கள், 2019ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. டெக்ஸாஸிலும் 2021ல் அதே மாதிரி சட்டம் வந்தது. அதை நம்பி, என்னிடம் ஆலோசனைக்கு வரும் யாரையும் நான் வாங்க விடவில்லை.

போன வருடம் ஒரு அம்மா வந்தார். கணவர் திடீரென்று இறந்துவிட்டார், பெட்டகத்தில் ஒரு சைலன்சர். நியூஜெர்ஸியில் இருக்கும் கொழுந்தனார் அதை அண்ணன் ஞாபகமாகக் கேட்டிருக்கிறார். கொடுக்க வழியில்லை, அந்த மாநிலத்தில் தடை. வாரிசுக்கு மாற்ற படிவம் 5 இருக்கிறது, அதற்கு எப்போதுமே வரி கிடையாது. அம்மாவே விரல்ரேகை கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். கொழுந்தனாருக்குக் கணவரின் வேட்டைக் கத்தியைக் கொடுத்தார். அதைவிட அலைச்சல் அந்த அனுமதிப் படிவத்தைத் தேடியதில்தான். மூன்று வாரம் தேடி, கடைசியில் கார் ரிப்பேர் பில்களுக்கு நடுவே கிடைத்தது. இப்போது நான் எழுதும் ஒவ்வொரு உயிலோடும் அந்தப் படிவத்தின் நகலை வைத்துத் தைக்கச் சொல்கிறேன்.