சட்டவிரோதச் சோதனையில் பிறந்த குற்றப் பதிவு

நியூயார்க்கில் குற்றவியல் வழக்கறிஞராக இருப்பதால் யூஎஃப்-250 என்ற படிவத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். தெருவில் ஒருவரை நிறுத்திச் சோதித்த காவலர் அந்நாளில் நிரப்பிய தாள் அது. காரணங்கள் ஏற்கெனவே அச்சாகியிருந்தன, டிக் போட்டால் போதும். என்னிடம் வந்த ஓர் இளைஞரின் தாளில் இரண்டே டிக்: ‘சந்தேகத்துக்குரிய அசைவு’, ‘குற்றம் மலிந்த பகுதி’. அவர் வீட்டிலிருந்து கடைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்.

பாக்கெட்டில் இருப்பதை வெளியே எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். உள்ளங்கையில் சின்னக் கஞ்சாப் பொட்டலம். அப்போது நடப்பிலிருந்த 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி 25 கிராம் வரை பாக்கெட்டுக்குள் இருந்தால் வெறும் அபராதம்தான். பொது இடத்தில் வெளியே தெரிந்தால்தான் கைதுக்குரிய குற்றம். வெளியே எடுக்க வைத்ததே காவலர், கைதானதோ இளைஞர்! 2011-இல் மட்டும் சிறு அளவு கஞ்சாவுக்காக நகரில் 50,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

சட்டவிரோதமாகக் கைப்பற்றிய ஆதாரம் மாநில நீதிமன்றங்களிலும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அதைக் கேட்டு வாதாட வாய்தா மேல் வாய்தா வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் கூலி போகும். “இன்றே குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறை இல்லை” என்று அரசுத் தரப்பு சொன்னதும் இளைஞர் தலையாட்டிவிட்டார். நிறுத்தியது சரிதானா என்று எந்த நீதிபதியும் கேட்கவே இல்லை.

2013 ஆகஸ்டில் நீதிபதி ஷீரா ஷைண்ட்லின், நகரக் காவல்துறையின் நிறுத்திச் சோதிக்கும் முறை அரசியலமைப்பை மீறியது என்று தீர்ப்பளித்தார். அவர் ஆராய்ந்த எட்டரை ஆண்டுகளில் 44 லட்சம் சோதனைகள், அவற்றில் 88 சதவீதத்தில் கைதும் இல்லை, சம்மனும் இல்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு இனி எப்படி நடக்க வேண்டும் என்றுதான் சொன்னது. அதற்குள் தண்டனை பெற்றவர்களின் பதிவுகள் அப்படியே இருந்தன.

மனுப்போட்டுப் பதிவை மூடச் சொல்லலாமே, அதாவது அழிக்காமல் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கச் சொல்லலாமே என்பார்கள். 2017-இல் வந்த அந்த வழிக்குப் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும், சான்றிதழுக்கு அலைய வேண்டும். பதிவை ஏற்றும்போது நம்மைக் கேட்காத அரசு, நீக்க மட்டும் ஏன் மனுக் கேட்கிறது? முடியாத வேலையும் இல்லை. 2021-இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியபோது பழைய பதிவுகளை மனு இல்லாமலே நீக்க அந்தச் சட்டமே வழிசெய்தது. என் கட்சிக்காரரின் பதிவும் அப்படித்தான் போனது. அதே மாதிரிச் சோதனையில் வேறு பிரிவில் சிக்கியவர்களுக்கு அந்த வழி இல்லை.

2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ‘கிளீன் ஸ்லேட்’ சட்டம் சிறு குற்றங்களை மூன்று ஆண்டிலும், பெருங்குற்றங்களில் பெரும்பாலானவற்றை எட்டு ஆண்டிலும் தானாக மூடும். பழைய பதிவுகளை முடிக்க நீதிமன்றங்களுக்கு 2027 நவம்பர் வரை அவகாசம். வரவேற்கிறேன், ஆனால் அது காலத்தைத்தான் எண்ணுகிறது. சோதனையே தவறு என்றால் தண்டனையை மூடிவைத்தால் போதாது, ரத்து செய்ய வேண்டும்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி. மூடிய தண்டனையையும் குடிவரவுச் சட்டம் தண்டனையாகவே பார்க்கும். சட்டக் குறைபாட்டுக்காக ரத்தானால் நிலைமை வேறு. எனவே விண்ணப்பத்தில் ‘எப்போதாவது கைதானதுண்டா’ என்று கேட்டால், பதிவுதான் மூடியாயிற்றே என்று ‘இல்லை’ போட்டுவிடாதீர்கள். வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கான சான்றை நீதிமன்றத்தில் வாங்கி, முதலில் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.