சிலம்பன்னா கொலுசு இல்லீங்க, மலை

என் தங்கச்சி மகனுக்குப் பேரு சிலம்பன். பழனி மலையில தாண்டிக்குடிப் பக்கம் வீடு, முன்னாடி காபித் தோட்டம், பின்னாடி ஒரு பெரிய பள்ளம், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் செங்குத்தா பாறை. தொட்டில்ல போட்டு காதுல மூணு தடவ பேர் சொன்ன தாய்மாமன் நான்தான், பேரத் தேடிக் கொடுத்ததும் நான்தான், அதனால கேக்குறவங்களுக்குப் பதில் சொல்றதும் என் வேலையாப் போச்சு. சிம்பு ரசிகரான்னு கேக்குறாங்க, பையன சிலம்பம் சுத்த விடப் போறீங்களான்னு கேக்குறாங்க, எங்க பெரியம்மா ஒருத்தங்க "சிலம்பு பொம்பளப் பிள்ள கால்ல போடுறதுல்லப்பா, பையனுக்கு எதுக்கு"ன்னு ரொம்ப வருத்தமாவே கேட்டாங்க. பெரியம்மா கேட்டது நியாயமான கேள்வி, ஏன்னா இன்னைக்கு சிலம்புன்னா நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வர்றது கண்ணகி கையில இருந்ததுதான்.

பொருள மொதல்ல சொல்லிடுறேன். சிலம்புன்னா மலை. சிலம்பன்னா மலைக்கு உரியவன், குறிஞ்சி நிலத்துத் தலைவன். வெற்புங்கிற மலைக்கு வெற்பன், பொருப்புங்கிற மலைக்கு பொருப்பன், அதே மாதிரி சிலம்புக்கு சிலம்பன். பழைய அகப்பொருள் இலக்கணத்துல குறிஞ்சித் தலைவனுக்குச் சொல்ற பேர்கள்ல இந்த மூணும் பக்கத்துப் பக்கத்துலயே இருக்கும். சிலம்பு + அன், கடைசியில இருக்குற உகரம் போயி சிலம்பன்னு ஆகுது, அவ்வளவுதான் இலக்கணம்.

சரி, மலைக்கு எதுக்கு சிலம்புன்னு பேரு? இதுக்குத்தான் நான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்ததே. சிலம்புங்கிறது முதல்ல ஒரு வினைச்சொல். சிலம்புறதுன்னா ஒலிக்கிறது, சத்தம் எழும்புறது, திருப்பி ஒலிக்கிறது. மார்கழியில விடியக்காலம் மைக்செட்ல திருப்பாவை கேட்டு வளந்தவங்க எல்லாருக்கும் இந்தச் சொல் காதுல விழுந்திருக்கும், "புள்ளும் சிலம்பின காண்"னு வருமே, பறவைங்க எல்லாம் சத்தம் போட ஆரம்பிச்சிடுச்சு பாருன்னு அர்த்தம். திருவெம்பாவையில மாணிக்கவாசகர் இன்னும் ஒரு படி மேல போறாரு, "கோழி சிலம்பச் சிலம்பும் குருகெங்கும்"னு. கோழி கூவுது, அதக் கேட்டு மத்த பறவையெல்லாம் கூவுது. ஒரு சத்தத்துக்கு இன்னொரு சத்தம் பதிலா வருது பாருங்க, அங்கதான் இந்தச் சொல்லோட உயிர் இருக்கு.

கால்ல போடுற சிலம்புக்கும் அதே கதைதான். உள்ள கூடா இருக்கும், அதுக்குள்ள பரல் போட்டிருப்பாங்க, நடந்தா சத்தம் வரும், சத்தம் வர்றதால சிலம்பு. கண்ணகி சிலம்புக்குள்ள மாணிக்கப் பரல், பாண்டிமாதேவி சிலம்புக்குள்ள முத்துப் பரல், அத உடைச்சுப் பாத்துத்தான வழக்கே தீந்துச்சு. ஆக கால்ல போடுற சிலம்பும் சிலம்பு, மலையும் சிலம்பு. அதுல இருந்து இதுவோ இதுல இருந்து அதுவோ வரல, ரெண்டுமே சத்தத்துல இருந்து வந்ததுன்னுதான் நான் எடுத்துக்குறேன், அண்ணன் தம்பி மாதிரி. மலையாளத்துலயும் இதே சொல் சிலம்பு, சிலம்புகன்னு இருக்கு, அவங்க முதல் எழுத்த அழுத்தி ச்சிலம்புன்னு சொல்லுவாங்க.

மலை ஒலிக்குதுன்னா என்னன்னு சமவெளியில இருக்குறவங்களுக்கு வார்த்தையில சொன்னாப் புரியாது. எங்க தங்கச்சி வீட்டுப் பின்னாடி அந்தப் பள்ளத்தோட விளிம்புல ஒரு சில்வர் ஓக் மரம் நிக்கும், மிளகுக் கொடி ஏத்திவிட்டது, அதுக்குப் பக்கத்துல நின்னு எதிர்ப் பாறையப் பாத்து கூப்பிட்டா கொஞ்ச நேரம் ஒண்ணுமே இருக்காது, விட்டுட்டுத் திரும்பலாம்னு நெனைக்கும்போது பதில் வரும். "சிலம்பா"ன்னு கூப்பிட்டா "லம்பா"ன்னு வரும், முதல் எழுத்து வழியிலயே கரைஞ்சு போயிரும். ஒரு நாள் போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாத்தேன், ஒண்ணரை நொடி. சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும், போயிட்டு வர ஒண்ணரை நொடின்னா பாறை ஏறக்குறைய 255 மீட்டர் தூரத்துல நிக்குதுன்னு கணக்கு வருது. மூடுபனி இறங்கி பாறையே தெரியாத நாள்லயும் பதில் மட்டும் வரும். எங்க தாத்தா காலத்துல செல்போன் ஏது, பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்னு சோறு வந்துருச்சுன்னு குரல் கொடுத்தா காட்டுக்குள்ள பழம் எடுக்குறவங்களுக்குக் கேக்கும், அவங்க குரல் வர்றதுக்கு முன்னாடியே பாறை ஒரு தடவ பதில் சொல்லிடும். இந்த மாதிரி எடத்துல வாழ்ந்த எவனோ ஒருத்தன்தான் மலைக்கு சிலம்புன்னு பேர் வச்சிருக்கணும், ஏன்னா அவனுக்கு மலைங்கிறது கண்ணுல பாக்குற உயரம் மட்டும் இல்ல, கூப்பிட்டா பதில் சொல்ற ஒண்ணு.

தமிழ்ல மலைக்கு இருக்குற பேர்கள எடுத்துப் பாத்தா ஒவ்வொண்ணும் மலைய ஒவ்வொரு பக்கமா நின்னு பாத்து வச்ச மாதிரியே இருக்கும். ஓங்கி நிக்கிறதால ஓங்கல், குறுக்க விழுந்து வழி மறிக்கிறதால விலங்கல், அடுக்கடுக்கா இருக்குறதால அடுக்கல், அடுக்கம். பெரியகுளத்துல இருந்து கும்பக்கரை வழியா கொடைக்கானல் ஏறுற ரோட்டுல அடுக்கம்னு ஊரே இருக்கு, சங்கப் பாட்டுல மலைச்சரிவுக்கு வர்ற அதே சொல். இதுல எல்லாமே கண்ணால பாத்து வச்ச பேரு, சிலம்பு மட்டும் காதால கேட்டு வச்ச பேரு. கண்ணு தெரியாத ஒருத்தருக்கும் மலை எங்க இருக்குன்னு இந்தச் சொல் காட்டிக் கொடுக்கும்னு நெனைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

கபிலர் ஐங்குறுநூறுல குறிஞ்சி பாடும்போது "சிலம்பு கமழ் காந்தள்"னு ஒரு எடத்துல சொல்றாரு. பின்னாடி இருந்து வந்து கண்ணப் பொத்துறா ஒருத்தி, அந்தக் கை எப்படி இருக்குன்னா மலையெல்லாம் மணக்குற காந்தள் பூங்கொத்து மாதிரி இருக்காம். இங்க சிலம்புன்னு இருக்குறத கொலுசுன்னு எடுத்தா பாட்டே கெட்டுப் போயிரும். மதுரைப் பக்கம் அழகர்மலையில சிலம்பாறு இருக்குல்ல, அதுவும் இப்படித்தான். மலையில இருந்து இறங்குற ஆறு, சிலம்பாறுன்னு நேரா எடுத்துக்கலாம். ஆனா பின்னாடி வந்த புராணத்துல பெருமாள் உலகளக்க கால் தூக்கினப்போ அவர் சிலம்புல பட்டுத் தெறிச்ச தண்ணின்னு கதை சேந்து, நூபுர கங்கைன்னு பேரும் சேந்துருச்சு, நூபுரம்னா வடமொழியில கால் சிலம்பு. கதை அழகான கதைதான், நானும் அங்க குளிச்சுட்டு ராக்காயி அம்மனக் கும்பிட்டுட்டு வந்தவன்தான், ஆனா அந்த மாத்துல மலை காணாமப் போயி கொலுசு மட்டும் நின்னுருச்சு. என் மருமகன் பேருக்கு ஊர்ல நடக்குறதும் அதுவேதான்.

இன்னைக்கு சிலம்பு சேந்த பேருன்னா சிலம்பரசன்தான் எல்லாருக்கும் தெரியும், நடிகரால தமிழ்நாடு முழுக்கப் பரவின பேரு. கொஞ்சம் வயசானவங்களுக்கு ம.பொ.சி. ஞாபகம் வருவாரு, சிலப்பதிகாரத்த ஊர் ஊரா பேசினதால அவருக்கு சிலம்புச் செல்வர்னு பட்டம். ம.பொ.சி. பட்டத்துல இருக்குறது கண்ணகி சிலம்பு, சந்தேகமே இல்ல. வெறும் சிலம்பன்னு பேர் வச்ச ஒரு பையன எங்க மலையில நான் இன்னும் பாக்கல, அங்கன்வாடியிலயும் இவன் ஒருத்தன்தான். பிறப்புச் சான்றிதழுக்குக் கொடுத்தப்போ அங்க இருந்தவர் சிலம்பரசன்னே டைப் பண்ணிட்டாரு, பாதியில விட்டுட்டோம்னு நெனைச்சாராம், திரும்பப் போயி மாத்தி வாங்குனோம். பேர் முடிவாகாம இருக்குறவங்க அவசரப்பட வேண்டாம், பிறப்பப் பதிஞ்சுட்டு பேர 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாமலே சேக்கலாம். ஆனா சேக்கும்போது ஒவ்வொரு எழுத்தா சொல்லி எழுத வைங்க.

பொம்பளப் பிள்ளைக்கு இதையே சிலம்பின்னு மாத்தி வைக்கலாமான்னு ஒரு தோழி கேட்டாங்க. வேண்டாங்க, சிலம்பின்னா சிலந்தி.

இன்னொரு சிலம்பனும் இருக்கு, அதச் சொல்லாம விட முடியாது. தவிட்டுக்குருவி தெரியும்ல, ஏழெட்டு சேந்து தரையில தத்தித் தத்தி கிச்சுகிச்சுன்னு ஓயாம கத்திக்கிட்டே எரை பொறுக்குமே, அதுக்குப் பறவை பாக்குறவங்க புத்தகத்துல வச்சிருக்குற பேரு சிலம்பன். வெண்தலைச் சிலம்பன், காட்டுச் சிலம்பன்னு வகை வகையா எழுதுவாங்க. ஒண்ணு கத்தினா மத்ததெல்லாம் கத்தும், கோழி சிலம்பச் சிலம்பும் குருகு கதைதான் திரும்பவும். காபிச் செடிக்கு அடியில சருகப் பெரட்டிப் போட்டுக்கிட்டு இதுங்க கத்துறத என் மருமகனுக்குக் காட்டி உன் பேருடா அதுக்கும்னு சொன்னேன், அன்னையில இருந்து தவிட்டுக்குருவிய விரட்ட மாட்டேங்குறான்.

அப்புறம் இந்த எக்கோ. கொடைக்கானல் வந்தா வட்டக்கானல் பக்கம் எக்கோ பாயிண்ட்னு கூட்டிட்டுப் போவாங்க, எல்லாரும் விளிம்புல நின்னு கத்துவாங்க. எக்கோங்கிறது கிரேக்கக் கதையில வர்ற ஒரு வனதேவதையோட பேரு, அங்க இருந்து இங்கிலீஷுக்குப் போயி நம்ம மலைக்கு வந்திருக்கு. பாடப்புத்தகத்துல எதிரொலின்னு படிக்கிறோம், நல்ல சொல்தான், பொருள் பாத்துக் கோத்த சொல். ஆனா வாயில தானா வர்ற ஒத்தச் சொல் வேணும்னா சிலம்புறதுன்னே சொல்லலாமே, "பாறை சிலம்புது கேளு"ன்னு. எங்க வீட்டுல இப்ப அப்படித்தான் சொல்றோம், தங்கச்சி மாமியாரே சொல்றாங்க.

பேர உச்சரிக்கிறதுல பெரிய சிக்கல் எதுவும் கெடையாது, இங்கிலீஷ்ல எழுதும்போது எஸ் போட்டுத் தொடங்குங்க, சி எச் போட்டா ஸ்கூல்ல வேற மாதிரி கூப்பிடுவாங்க. வீட்டுல யாரும் முழுசாக் கூப்பிடறதில்ல, "டேய் சிலம்பு"தான். பெரியம்மாவும் இப்ப அப்படித்தான் கூப்பிடுறாங்க. தங்கச்சி மாமியார் பின்வாசல்ல நின்னு கூப்பிட்டா மொதல்ல பாறை ஒரு தடவ "லம்பு"ங்கும், அதுக்கப்புறம்தான் காபிச் செடிக்குள்ள இருந்து இவன் "என்னா அப்பத்தா"ம்பான்.