மறதி நோய் ஆராய்ச்சியில் ஏன் சேருகிறார்கள்?

டிமென்ஷியா ஆராய்ச்சிக்குச் சம்மதம் கேட்டால் வேலூர்ப் பக்கம் அதிகம் கிடைக்கும் பதில், "நீங்க சொன்னா சரி டாக்டர்." எனக்குச் சங்கடம் தருவதும் அதுதான். மரியாதைக்குச் சொல்வதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள முடியாது. படிவத்தை அவர்கள் கையிலேயே கொடுத்து, "வீட்ல பேசிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன்.

பேசிவிட்டுத் திரும்பி வருபவர்கள் சொல்லும் காரணம் வேறு. குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு பெண் தன் அம்மாவை அழைத்து வந்தார். "அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா சார்?" என்பதுதான் அவருடைய கேள்வி. (அம்மாவுக்கு இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும், வந்தே தீரும் என்றில்லை.) அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானை நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். திடீரென்று, "எனக்கு இனிமே என்ன, இவளுக்காவது ஆவட்டும்" என்றார். நோய் ஆரம்பத்தில் இருப்பவர்களால் இப்படி யோசித்து முடிவெடுக்க முடியும். பிள்ளைகளிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது அநியாயம்.

அப்புறம், பேச ஆள் கிடைப்பது. ஓபியில் சில நிமிடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். ஆராய்ச்சி என்றால் ஒருவர் உட்கார்ந்து, ராத்திரி தூங்குகிறாரா, வீட்டை விட்டுப் போய்விடுகிறாரா என்று பொறுமையாகக் கேட்கிறார். அதற்காகவே சேருபவர்கள் உண்டு, அதில் தப்பு இல்லை.

மருந்து கிடைக்கும் என்று நம்பி வருபவர்களிடம்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. மறதி நோயில் ஒரு வகையான அல்சைமருக்கு அமெரிக்காவில் 2023இல் முழு அனுமதி பெற்ற லெக்கானமாப் மருந்துக்கான பெரிய சோதனையில் 1,795 பேர் சேர்ந்தார்கள், அது 18 மாதச் சோதனை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ். அதில் பாதிப் பேருக்கு ஏறியது மருந்தே இல்லாத பிளாசிபோ. மருந்து ஏறியவர்களுக்கும் நோய் நிற்கவில்லை, வேகம்தான் கொஞ்சம் குறைந்தது. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வந்தன. இதையெல்லாம் கேட்ட பிறகும் சேருகிறேன் என்பவரைத்தான் நான் சேர்ப்பேன்.

இந்தியாவில் மருந்துச் சோதனை என்றால் சிடிஆர்ஐ (CTRI, இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண் இருக்க வேண்டும், கேளுங்கள். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் மருந்துச் சோதனைகளுக்கான 2019 அரசு விதிகளிலேயே இருக்கின்றன. பாதியில் விலகினாலும் வழக்கமான வைத்தியம் நிற்காது.

இன்னொன்று, துணைக்கு வருபவரின் அன்றைய கூலி. பஸ் காசு தருகிறோம் என்பார்கள். பீடிக் கட்டு எண்ணிக்கை குறைந்து போனதற்கு யார் தருவார்கள் என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.