எதிரி ஏன் காத்திருக்கிறான்?

வீடியோ கேம் ஒன்றில் பேட்மேனைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறார்கள். பத்துப் பேரும் சேர்ந்து பாய்ந்தால் ஆட்டம் அப்போதே முடிந்துவிடும். ஆனால் ஒருவன் வருகிறான், அடி வாங்கி விழுகிறான், பிறகு அடுத்தவன் வருகிறான். “நம்ம படத்துல வர்ற அடியாளுங்க மாதிரி வரிசையில நின்னு வாங்கிக்கிறானுங்க அண்ணே, இதுல என்ன சண்டை இருக்கு?” என்று கேட்டான் சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு தம்பி. செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கும் அண்ணன் விடவில்லை. “நீ பட்டனைப் போட்டுக் குத்துற, அதான் உனக்கு அப்படித் தெரியுது. ஒரு அடிக்கு ஒரு தட்டு தட்டிப் பாருடா, தாளம் பிடிபடும்.”

ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த இந்தப் பேராக் பட்டணத்தில் வார இறுதி வந்தால் இந்த வாக்குவாதம் எங்காவது ஓடிக்கொண்டிருக்கும். அடிதடிதான் சுகம் என்பவர்கள் ஒரு பக்கம். சத்தமில்லாமல் பதுங்கிப் போய் ஒவ்வொருவராகச் சாய்க்கும் ஸ்டெல்த் பகுதிதான் உண்மையான விளையாட்டு என்பவர்கள் இன்னொரு பக்கம். அந்தத் தம்பி சொன்னதும் உண்மை, அண்ணன் சொன்னதும் உண்மை. இரண்டு உணர்வுகளுக்கும் காரணம் விளையாட்டின் உள்ளே இருக்கிறது. பெரும்பகுதியை மில்லி விநாடிக் கணக்கிலேயே காட்டிவிடலாம்.

லண்டனைச் சேர்ந்த ராக்ஸ்டெடி நிறுவனம் ‘பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்’ விளையாட்டை 2009இல் வெளியிட்டது. 2011இல் ‘ஆர்க்கம் சிட்டி’, 2015இல் ‘ஆர்க்கம் நைட்’. இன்சோம்னியாக் நிறுவனத்தின் ‘ஸ்பைடர் மேன்’ 2018இல் பிளேஸ்டேஷன் 4க்கு வந்தது. சூப்பர் ஹீரோ சண்டை எப்படி இருக்க வேண்டும் என்று இன்று பேசுபவர்கள் பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

முதலில் அந்த வரிசை விஷயம். இவ்வகை விளையாட்டுகளில் எதிரிகள் ஒவ்வொருவரும் தன் விருப்பத்துக்குத் தாக்குவதில்லை. மேலே ஒரு நிரல் உட்கார்ந்து அனுமதி வழங்குகிறது. அனுமதி கிடைத்தவன் மட்டும் கை ஓங்குவான். கிடைக்காதவர்கள் சும்மா நிற்பதுபோல் தெரியக் கூடாது என்பதற்காக வட்டமாக நகர்வார்கள், கத்துவார்கள், கீழே கிடக்கும் பொருளை எடுப்பார்கள். அடி முடிந்ததும் அனுமதி திரும்ப வாங்கப்பட்டு வேறொருவனுக்குப் போகும். திரைக்கு வெளியே, நம் முதுகுக்குப் பின்னால் இருப்பவனை இன்னும் கொஞ்சம் தாமதிக்கச் செய்யும் விளையாட்டுகளும் உண்டு. கண்ணில் படாதவன் அடித்தால் ஆடுபவருக்கு அது தோல்வியாகத் தெரியாது, ஏமாற்றாகத் தெரியும்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? மனித உடல்தான் காரணம். ஒரு வெளிச்சத்தைப் பார்த்தவுடன் ஒரு பட்டனை அழுத்து என்ற எளிய சோதனையில்கூட நமக்கு ஏறத்தாழ 200 மில்லி விநாடி ஆகிறது. எந்தப் பட்டன் என்று முடிவெடுக்கவும் வேண்டுமென்றால் இன்னும் நீளும். பிரிட்டிஷ் உளவியலாளர் வில்லியம் எட்மண்ட் ஹிக் 1952இல் இதை அளந்து காட்டினார்: தேர்வுகளின் எண்ணிக்கை ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் பதில் சொல்லும் நேரம் ஏறக்குறைய ஒரே அளவு கூடுகிறது. பத்துப் பேர் ஒன்றாக அடித்தால், பத்துக்கும் பதில் சொல்லும் நேரம் எந்த மனிதனிடமும் இல்லை.

ஹிக் அளந்த அந்தத் தாமதத்தை ஆர்க்கம் விளையாட்டுகள் மிக அழகாகப் பயன்படுத்துகின்றன என்பது என் கருத்து. ஆட்டம் போகப் போக எதிரியின் பலம் மட்டும் கூடவில்லை. நாம் யோசிக்க வேண்டிய வகைகள் கூடுகின்றன. மின்தடி வைத்திருப்பவனை முன்னாலிருந்து குத்தினால் நமக்குத்தான் அதிர்ச்சி, அவன் தலைக்கு மேல் தாவிப் பின்னால் போக வேண்டும். கத்திக்காரனை முதலில் மேலங்கியை வீசித் திகைக்க வைக்க வேண்டும். ‘சிட்டி’யில் கேடயமும் கவசமும் வந்து சேர்கின்றன, இரண்டு மூன்று பேர் ஒரே சமயத்தில் கை ஓங்கவும் தொடங்குகிறார்கள். கை வேகம் அதேதான். மூளைக்குக் கிடைக்கும் நேரம்தான் சுருங்குகிறது. பட்டனைப் போட்டுக் குத்தினால் முதல் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம், பிறகு முடியாது. தம்பி பார்த்தது அந்த முதல் அரை மணி நேரத்தை.

எதிரி அடிப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை வருகிறது. பேட்மேனில் எதிரியின் தலைக்கு மேல் சிறு மின்னல் கோடுகள். ஸ்பைடர் மேனில் அந்தக் கோடுகள் ஹீரோவின் தலையைச் சுற்றி வெள்ளையாகத் தெரியும். மிகச் சரியாக விலக வேண்டிய நேரத்தில் நீலமாக மாறும். இரண்டு இடங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பேட்மேன் எதிரிகளைக் கவனிக்கும் மனிதன், ஆகவே கண் கூட்டத்தின் மீது அலைய வேண்டியிருக்கிறது. ஸ்பைடர் மேனுக்கு ஆபத்தை உணரும் உடல், ஆகவே கண் ஹீரோவிடமே நிற்கலாம். கதாபாத்திரத்தின் குணம் கண் எங்கே போக வேண்டும் என்பதில் பதிந்திருக்கிறது. ஸ்பைடர் மேன் பறந்துகொண்டே சண்டை போடுவதால் இது தேவையும்கூட. கேமரா சுழலும்போது பத்து தலைகளுக்கு மேல் குறியைத் தேட யாராலும் முடியாது.

இந்த எச்சரிக்கையுடன் எதிரியின் உடலும் பேசுகிறது: தோள் பின்னுக்குப் போகும், கை உயரும். நிஜச் சண்டையில் யாரும் இவ்வளவு நிதானமாகக் கை ஓங்குவதில்லை. இங்கே அந்த ஓங்கல், நம் பதில் நேரத்தைவிட நீளமாக இருக்க வேண்டும் என்றே வரையப்படுகிறது. காதுக்கும் ஒரு வேலை உண்டு. எளிய சோதனைகளில் ஒலிக்கு நாம் பதில் தரும் நேரம் ஏறத்தாழ 150 மில்லி விநாடி, பார்வையைவிட வேகம். சத்தத்தை அடைத்துவிட்டு ஆடுபவர்கள் இந்தச் சலுகையைத் தாங்களே விட்டுக்கொடுக்கிறார்கள்.

நம் குத்து எதிரியிடம் போய்ச் சேரும் விதமும் கவனிக்கத்தக்கது. பட்டனை அழுத்தியதும் நிரல், கட்டுப்பாட்டுக் கருவியின் குச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, யார் எவ்வளவு தூரத்தில் என்று பார்த்து ஒருவனைத் தேர்கிறது. பிறகு ஹீரோவின் அசைவை நீட்டியோ குறுக்கியோ, முஷ்டி சரியாகத் தாடையில் படும்படி உடலை நகர்த்துகிறது. பேட்மேன் நான்கைந்து மீட்டர் பாய்ந்து உதைப்பது இப்படித்தான். முந்தைய அடி முடிவதற்குச் சற்று முன் நாம் அழுத்தியதை மறந்துவிடாமல் நினைவில் வைத்து, முடிந்ததும் நிறைவேற்றும் ஏற்பாடும் இவ்வகை விளையாட்டுகளில் வழக்கம். அடி பட்ட கணத்தில் படத்தை ஓரிரு ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படம்) உறைய வைப்பதும் அப்படியே. அந்தச் சிறு நிறுத்தம்தான் அடிக்குக் கனம் தருகிறது. ‘அடி நல்லா விழுது’ என்று ஆடுபவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த உறைதலைத்தான்.

சரி, ஒரே விளையாட்டை ஒருவர் ‘கை சொன்னதைக் கேட்குது’ என்றும் இன்னொருவர் ‘வழுக்குது’ என்றும் சொல்வது ஏன்? இங்கே விளையாட்டைக் குறை சொல்வதற்கு முன் திரையைப் பார்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4இல் ஸ்பைடர் மேன் விநாடிக்கு 30 படங்கள் காட்டுகிறது, அதாவது ஒரு படத்துக்கு 33 மில்லி விநாடி. பிளேஸ்டேஷன் 5இல் 60 படங்கள் காட்டும் அமைப்பு உண்டு. அதில் ஒரு படத்துக்கு 17க்கும் சற்றுக் குறைவு. அழுத்தியது கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து கிளம்பி, கணக்காகி, படமாகி வெளியே வரப் பல ஃபிரேம்கள் ஆகும். அதன்மேல் தொலைக்காட்சி தன் பங்கைச் சேர்க்கிறது. அசைவை வழவழப்பாகக் காட்டும் வசதி, இரண்டு படங்களுக்கு நடுவே புதிதாக ஒன்றைக் கற்பனை செய்து செருகுகிறது. நடுவில் உள்ளதை வரைய அடுத்த படம் கையில் வந்திருக்க வேண்டும், அதனால் முதல் படத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சினிமா பார்க்க இதனால் ஒன்றும் கெடாது. சண்டைக்கு அது விஷம். விலகுவதற்கு நமக்கு இருக்கும் சிறு நேரத்தில் ஒரு பகுதியைத் திரையே தின்றுவிடுகிறது.

கேம் கடைகளில் பழைய பெரிய தொலைக்காட்சிகள் இப்படியே விடப்பட்டிருப்பதைப் பார்க்கிறேன். அங்கே ஆடிவிட்டு ‘எனக்கு வேகம் போதல’ என்று தன்னையே நொந்துகொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குள் போய் ‘கேம் மோட்’ என்பதை இயக்கிவிட்டு, அதே சண்டையை ஆடிப் பாருங்கள். பணம் செலவில்லாமல் செய்யக்கூடிய பெரிய திருத்தம் இதுதான்.

இனி பதுங்கல். பத்துப் பேரைக் கையால் சாய்க்கும் பேட்மேன், மூன்று பேருக்குப் பயந்து ஏன் ஒளிய வேண்டும்? அவர்கள் கையில் துப்பாக்கி இருப்பதால். இந்த விளையாட்டுகளில் சில குண்டுகள் போதும், ஹீரோ காலி. அந்த ஒற்றை விதிதான் ஒரே மனிதனை இரண்டு வேறு விளையாட்டுகளுக்குள் நிறுத்துகிறது.

கடையில் பிள்ளைகள் இந்தக் காவலர்களை ‘ஜாகா’ என்றே அழைக்கிறார்கள். இரவில் தோட்டத்து ஜாகா டார்ச் அடித்துக்கொண்டு நடப்பதை நினைத்துக்கொண்டால் இந்தப் பகுதி முழுவதும் விளங்கிவிடும். வெளிச்சம் அவர் முன்னால் கூம்பாக விரிகிறது, மரத்துக்குப் பின்னால் நிற்பவன் மேல் விழுவதில்லை, தூரம் போகப் போக மங்குகிறது. விளையாட்டுக் காவலரின் கண்ணிலிருந்தும் அப்படியொரு கூம்பு விரிகிறது. ஹீரோ அதற்குள் வந்தால் நிரல் காவலரின் கண்ணிலிருந்து ஹீரோவின் உடலுக்குக் கண்ணுக்குத் தெரியாத கோடுகளை இழுத்துப் பார்க்கும். நடுவே சுவர் தடுத்தால் பார்க்கவில்லை என்று பொருள். தடுக்காவிட்டாலும் பல விளையாட்டுகளில் உடனே மாட்டிக்கொள்வதில்லை. சந்தேகம் படிப்படியாக நிரம்பும். கிட்டே இருந்தால் வேகமாக, ஓரத்தில் இருந்தால் மெதுவாக. 1998இல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட்’ இந்தக் கூம்புகளைத் திரை மூலையில் வரைந்தே காட்டியது.

கூம்பு மேல்நோக்கி அதிகம் விரிவதில்லை. அதனால்தான் கூரையடியில் உள்ள கல் பூதச் சிலைகள் மேல் பேட்மேன் பத்திரமாக உட்கார முடிகிறது. ‘நிமிர்ந்து பார்க்கத் தெரியாத முட்டாள்கள்’ என்று சிலர் கேலி செய்வார்கள். அது வேண்டுமென்றே விடப்பட்ட இருட்டு, ஆடுபவர் மூச்சு விட்டு யோசிக்கும் இடம். ‘அசைலம்’ பின்பகுதியில் ஜோக்கர் அந்தச் சிலைகளில் வெடி வைத்துவிடுகிறான். பழகிய புகலிடம் போனதும் அதே காவலர்கள் திடீரென்று கெட்டிக்காரர்களாகத் தெரிகிறார்கள். அவர்களின் அறிவில் ஒன்றும் கூடவில்லை.

காவலர்கள் ஏன் தனக்குத்தானே பேசுகிறார்கள் என்பதற்கும் இதே பதில்: ஆடுபவருக்காக. ‘அங்க என்ன சத்தம்?’ என்று அவன் உரக்கச் சொல்லாவிட்டால், அவன் மனத்தில் சந்தேகம் நிரம்பியது நமக்கு எப்படித் தெரியும்? ஆர்க்கமில் ஒவ்வொருவராகக் குறையக் குறைய மிச்சமிருப்பவர்களின் குரல் நடுங்குகிறது, திடுக்கிட்டுத் திரும்பிச் சுடுகிறார்கள். பேட்மேனின் துப்பறியும் பார்வை என்ற வசதியைப் போட்டால் அவர்களின் இதயத்துடிப்பே தெரியும். பயம் என்ற ஒன்றை விளையாட்டுக் கணக்காக்கியது எனக்கு மிகவும் பிடித்த யோசனை.

ஆனால் அந்தத் துப்பறியும் பார்வையைப் பற்றி ஒரு குறை பலருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. சுவருக்கு அப்பாலும் எலும்புக்கூடாக எதிரிகளைக் காட்டுவதால், ஆடுபவர்கள் அதை அணைப்பதே இல்லை. அழகாக வரையப்பட்ட கட்டடம் முழுவதும் நீல மூட்டமாகவே கழிந்துவிடுகிறது. ‘சிட்டி’யில் அந்தப் பார்வையைக் குழப்பும் கருவி சுமந்த காவலர்களை இறக்கியது நல்ல மருந்து.

ஸ்பைடர் மேனின் ஸ்டெல்த் எளிது என்று எல்லோரும் சொல்வதற்கும் காரணம் தகவல்தான். ஒருவனைக் குறிவைத்தால், அவனை இப்போது தாக்குவது பாதுகாப்பா ஆபத்தா என்று திரையே எழுதிக் காட்டுகிறது. மற்றவர்களின் கூம்புகளை நமக்குப் பதில் நிரலே எண்ணிவிடுகிறது. அதே விளையாட்டில் ஹீரோவின் தோழி மேரி ஜேனாகப் பதுங்கிப் போகும் பகுதிகள் பலருக்குப் பிடிக்கவில்லை. அங்கே காவலர்கள் அதே மாதிரிதான் பார்க்கிறார்கள், ஆனால் மாட்டினால் வலையில் தொங்கித் தப்ப வழியில்லை, பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். தவறிய பிறகு தப்பிக்கும் வழி இருக்கிறதா என்பது, பார்வைக் கூம்பின் அளவைவிட ஆடுபவரின் அபிப்பிராயத்தை அதிகம் மாற்றுகிறது.

இவற்றில் எல்லாம் உச்சம் ‘ஆர்க்கம் சிட்டி’யில் பேட்மேனின் எதிரி மிஸ்டர் ஃப்ரீஸோடு நடக்கும் சண்டை. நேருக்கு நேர் போனால் நிற்க முடியாது, பதுங்கித்தான் தாக்க வேண்டும். ஒரு தந்திரத்தை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். அடுத்த முறை அதற்கு எதிர் ஏற்பாட்டோடு அவன் வருவான். தரைக்கடியில் ஒளிந்து தாக்கிவிட்டீர்களா, அந்த வழி இனி இல்லை. நிரல் பார்வையில் இது பெரிய அறிவு அல்ல: செய்தவற்றைக் குறித்து வைக்கும் ஒரு சிறு பட்டியல், அவ்வளவுதான். ஆனால் வழக்கமாக இரண்டு தந்திரங்களை வைத்தே முழு விளையாட்டையும் ஓட்டிவிடும் ஆட்டக்காரர், இந்த ஒரு அறையில் தன் கையில் இருக்கும் ஒவ்வொரு கருவியையும், அறையின் ஒவ்வொரு மூலையையும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தத் தம்பி இன்னும் அங்கே வந்து சேரவில்லை. ‘அசைலம்’ முடித்துவிட்டு ‘சிட்டி’ தொடங்கப் போவதாகச் சொன்னான். ஃப்ரீஸ் வரும்வரை விடாமல் ஆடு என்று சொல்லியிருக்கிறேன்.