உருகி இறுகியதா, உருமாறியதா? வேலூர்ப் பாறைகளை அடையாளம் காண்பது

வேலூரில் பாறையைத் தேடிப் போக வேண்டியதில்லை. காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நிற்கும். அதில் மரத்தைவிடக் கல்தான் அதிகம். அம்மி, ஆட்டுக்கல், வாசற்படி, கோட்டைச் சுவர், ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண், சாலைக்குக் கொட்டும் ஜல்லி என்று எல்லாவற்றையும் கருங்கல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இந்த மாவட்டத்தில் கருங்கல் என்று புழங்குவதில் பிறந்த விதத்தால் முற்றிலும் வேறுபட்ட பல பாறைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு கத்தி, ஒரு காந்தம், கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸ், இவை போதும்.

பள்ளிப் புத்தகம் பாறைகளை மூன்றாகப் பிரிக்கிறது: தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை. பழைய வடஆற்காட்டில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பகுதிகளில், படிவுப் பாறை மிகக் குறைவு. ஆகவே நம் முன்னால் பெரும்பாலும் இருப்பது ஒரே கேள்விதான். இந்தக் கல் உருகிய பாறைக் குழம்பு இறுகி உண்டானதா, அல்லது ஏற்கெனவே இருந்த பாறை வெப்பத்திலும் அழுத்தத்திலும் திடநிலையிலேயே மாறியதா? முன்னது தீப்பாறை. பின்னது உருமாறிய பாறை.

நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. மழையும் வெயிலும் பட்ட மேற்பரப்பில் இரும்பு துருப்பிடித்து எல்லாக் கல்லும் பழுப்பாகத்தான் தெரியும். மலைச்சரிவில் உருண்டையாக நிற்கும் பெரும் பாறைகளின் வடிவமும் பிறப்பைச் சொல்லாது. வெடிப்புகள் வழியே நீர் இறங்கி மூலைகளை முதலில் அரித்ததால் வந்த உருண்டை அது. எந்தக் கல்லாக இருந்தாலும் அப்படித்தான் உருளும். பார்க்க வேண்டியது புதிதாக உடைந்த முகத்தை. சாலை அகலப்படுத்த வெட்டிய இடம், வீட்டு அஸ்திவாரத்துக்கு வந்து இறங்கிய கல், இவை நல்ல பாடப்புத்தகங்கள்.

உடைந்த முகத்தில் நான்கு தாதுக்களை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கண்ணாடிச் சில்லு போலிருப்பது குவார்ட்ஸ். பத்து வரை போகும் கடினத்தன்மை அளவில் அதற்கு 7, கத்தியால் கீறினால் கோடு விழாது. வெள்ளையாகவோ வெளிர் சிவப்பாகவோ இருந்து, கல்லைத் திருப்பும்போது தட்டையான முகம் பளிச்சிட்டால் அது ஃபெல்ஸ்பார். அதன் கடினத்தன்மை 6. கறுப்பாக இருந்து நகத்தால் ஏடு ஏடாக உரிந்தால் பயோட்டைட், நம் ஊரில் காக்காப்பொன் என்று சொல்லும் மைக்கா வகையில் ஒன்று. கறுப்பாக, நீளவாக்கில் இருந்து உரியாமல் முரண்டு பிடித்தால் பெரும்பாலும் ஹார்ன்பிளெண்ட்.

அடுத்தது, என் கருத்தில் இதுதான் முக்கியமானது, அந்தத் தாதுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்ப்பது. ஒரே தாதுக்கள் கிரானைட்டிலும் இருக்கலாம், நைஸ் என்ற உருமாறிய பாறையிலும் இருக்கலாம். வேறுபாடு அடுக்கில் இருக்கிறது.

குழம்பு இறுகும்போது படிகங்கள் எந்தத் திசைக்கும் கட்டுப்படாமல் வளர்கின்றன. ஒன்று வளர்ந்து முடித்த இடைவெளியில் இன்னொன்று வந்து அடைத்துக்கொள்ளும். அதனால் கிரானைட்டில் படிகங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, திசையே இல்லாமல் கலந்து கிடக்கும். ஆறும் வேகத்தைப் பொறுத்து அளவு மாறும். பாகைப் பொறுமையாக ஆறவிட்டால் கற்கண்டு பெரிதாக விளைவதுபோல, நிலத்துக்கு அடியில் பல லட்சம் ஆண்டுகள் எடுத்து ஆறிய குழம்பில் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளரும். சட்டென்று ஆறினால் பொடிப்பொடியாக நின்றுவிடும்.

இது இன்று எளிதாகத் தோன்றலாம். 18-ஆம் நூற்றாண்டில் பலர் கிரானைட் ஆதிக் கடலில் படிந்து உண்டானது என்றுதான் நம்பினார்கள். 1785-இல் ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில் சிவந்த கிரானைட் நரம்புகள் வேறொரு பாறையின் வெடிப்புகளுக்குள் புகுந்து கிளை பிரிந்திருப்பதை ஸ்காட்லாந்துப் புவியியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் பார்த்தார். நீர்மமாக இருந்த ஒன்றுதான் இப்படிப் புக முடியும் என்பது அவர் வாதம். பிறகு அவர் நண்பர் ஜேம்ஸ் ஹால் பசால்ட் வகைக் கரும்பாறையை உலையில் உருக்கிப் பார்த்தார். வேகமாக ஆறியது கண்ணாடியானது. மெதுவாக ஆறியது மறுபடி படிகக் கல்லானது. ஹட்டன் பார்த்தது போன்ற நரம்புகளை வேலூர் மலைகளிலும் பார்க்கலாம். கரும்பட்டைப் பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெள்ளையாகவோ ரோஜா நிறத்திலோ ஓடும். சில இடங்களில் அதிலுள்ள ஃபெல்ஸ்பார் படிகம் கட்டைவிரலைவிடப் பெரிதாக இருக்கும். அந்தப் பெரும்படிக நரம்புக்குப் பெக்மடைட் என்று பெயர். குழம்பு இறுகும் கடைசிக் கட்டத்தில் மிஞ்சிய நீர் மிகுந்த பகுதி அது. நீர் இருந்தால் அணுக்கள் எளிதாக நகரும், படிகங்கள் பெரிதாகும்.

சரி, நைஸுக்கு வருவோம். ஆழத்தில் பாறை ஒரு பக்கமிருந்து அதிகமாக நெருக்கப்படும்போது, தட்டையான மைக்கா ஏடுகளும் நீண்ட ஹார்ன்பிளெண்டும் அந்த அழுத்தத்துக்குச் செங்குத்தாகத் திரும்பி, அந்தத் திசையிலேயே புதிதாக வளர்கின்றன. வெளிர்த் தாதுக்களும் கருந்தாதுக்களும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிகின்றன. இங்குள்ள சமவெளியில் மண்ணுக்கு அடியில் பரந்து கிடப்பது பெரும்பாலும் இந்தப் பட்டைக் கல்தான்.

இரண்டையும் பிரிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கல்லின் ஒரு முகத்தை மட்டும் பார்க்காமல் சுற்றி வந்து மூன்று முகங்களைப் பாருங்கள். கிரானைட் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். நைஸில் ஒரு முகத்தில் வரிகள் தெளிவாக ஓடும், பட்டையின் வழியே உடைந்த இன்னொரு முகத்தில் வரியே தெரியாமல் மைக்கா மட்டும் மினுங்கும். வரிகள் வளைந்து மடிந்திருந்தால் இன்னும் நல்லது. நொறுங்காமல் மடிந்திருக்கிறது என்றால், அந்தப் பாறை உருகாமலே வளையும் அளவுக்குச் சூடாக இருந்திருக்கிறது என்று பொருள்.

ஆனால் இயற்கை புத்தகத்தின் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. நைஸ் இன்னும் சூடாகி, கொஞ்சம் நீரும் இருந்தால், 650 முதல் 700 டிகிரி செல்சியஸ் வாக்கில் அதன் ஒரு பகுதி மட்டும் உருகத் தொடங்கும். முதலில் உருகுவது குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும். கருந்தாதுக்கள் திடமாகவே தங்கும். உருகியது அங்கேயே ஒதுங்கி வெள்ளை நெளிவுகளாக இறுகிவிடும். இப்படிப்பட்ட கலப்புக் கல்லுக்கு மிக்மடைட் என்று பெயர். கல் விற்கும் கடைகளில் அலை அலையாக நெளிந்த பூவேலையோடு கிரானைட் என்று அடுக்கி வைத்திருக்கும் பலகைகளில் பல இந்த வகைதான். வங்கியிலோ கல்யாண மண்டபத்திலோ காத்திருக்கும் நேரத்தில் தரையைப் பாருங்கள். மெருகேற்றிய தரையில் தெரியும் அளவுக்கு மலையில்கூட இது தெளிவாகத் தெரியாது.

மலைகளையும் வயல்களையும் ஊடறுத்துச் சில இடங்களில் கன்னங்கரிய கல் நேர்கோடாக நெடுந்தூரம் ஓடுவதைக் காணலாம். அது டாலரைட். இரும்பும் மெக்னீசியமும் மிகுந்த, 1,100 டிகிரிக்கு மேல் சூடான குழம்பு வெடிப்பில் ஏறி இறுகியது. விளிம்பில் படிகங்கள் மிகப் பொடியாகவும் நடுவில் கொஞ்சம் பெரிதாகவும் இருக்கும். குளிர்ந்த பாறையைத் தொட்ட ஓரம் சட்டென்று ஆறிவிட்டது, நடுப்பகுதி மெதுவாக ஆறியது. காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பக்கத்தில் கொண்டுபோனால் பல மாதிரிகள் லேசாக இழுக்கும், உள்ளே மேக்னடைட் என்ற காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது இருப்பதால். ஒன்றை ஒன்று வெட்டினால் வெட்டுவது இளையது, வெட்டப்பட்டது மூத்தது. ஆகவே டாலரைட் வருவதற்கு முன்பே நைஸ் உருமாறி, மடிந்து, நேராக வெடிக்கும் அளவுக்கு ஆறியும் விட்டது. வயது கணக்கிடும் கருவி எதுவும் இல்லாமலே ஒரு கல்லில் மூன்று காலங்களை வரிசைப்படுத்திவிடுகிறோம். எனக்குப் பாறையியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

திருப்பத்தூர்ப் பக்கம் போனால் கதை மாறுகிறது. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, அங்குள்ள கல்லில் குவார்ட்ஸைத் தேடிப் பாருங்கள். மிகக் குறைவாகவே கிடைக்கும். பெரும்பகுதி ஃபெல்ஸ்பார், நடுவில் கருந்தாதுக்கள். இது சையனைட், சிலிக்கா (குவார்ட்ஸ் ஆகும் பொருள்) குறைவாகவும் சோடியம், பொட்டாசியம் அதிகமாகவும் இருந்த குழம்பிலிருந்து வந்த தீப்பாறை. அருகிலுள்ள சேவத்தூரில் இன்னும் அரிய ஒன்று இருக்கிறது. வெளிர் நிறத்தில், பார்த்தால் சலவைக்கல் போலத் தெரியும் கார்பனடைட். சிலிக்காவால் ஆன குழம்பு அல்ல, கால்சியமும் கார்பனேட்டும் நிறைந்த குழம்பு இறுகியது. தான்சானியாவில் உள்ள ஓல் டோயின்யோ லெங்காய் மட்டும்தான் இன்று கார்பனேட் நிறைந்த குழம்பைக் கக்கும் எரிமலை. அது 500 முதல் 600 டிகிரியிலேயே ஓடுகிறது.

கார்பனடைட்டைக் கத்தியால் எளிதாகக் கீறலாம், கால்சைட்டின் கடினத்தன்மை 3 தான். பொடித்து எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டால் நுரைக்கும். சலவைக்கல்லும் அப்படித்தான் நுரைக்கும் என்பதால் துணைத் தாதுக்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சேவத்தூர்க் கல்லில் அபடைட், மேக்னடைட், நியோபியம் கொண்ட பைரோகுளோர் ஆகியவை சேர்ந்து வருகின்றன. சுண்ணாம்புப் படிவு உருமாறிய சலவைக்கல்லில் இந்தக் கூட்டணி இருக்காது. அங்கே வெர்மிகுலைட்டும் எடுக்கிறார்கள். மைக்கா நீரோடு வினைபுரிந்து மாறிய தாது அது. சூடாக்கினால் ஏடுகளுக்கு இடையிலுள்ள நீர் ஆவியாகி, கல் பல மடங்கு உப்பிவிடும். நர்சரியில் நாற்று வளர்க்கும் கலவையில் பொன்னிறமாக மினுங்குவது அதுதான். இந்த ஏலகிரி, சேவத்தூர்ப் பாறைகளுக்கு வயது சுமார் 75 முதல் 80 கோடி ஆண்டுகள்.

ஜவ்வாது மலையின் பெரும்பகுதி அதைவிட மிகப் பழையது, சுமார் 250 கோடி ஆண்டுகள். அங்கே கிடைப்பது சார்னோகைட். புதிதாக உடைத்தால் பச்சை கலந்த கருஞ்சாம்பல் நிறம், எண்ணெய் பூசியது போன்ற பளபளப்பு, குவார்ட்ஸில் லேசான நீலம். குவாரிகளில் புளூ மெட்டல் ஜல்லி என்று சொல்லும் கல்லில் பெரும்பங்கு இதுதான். 1893-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட், கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையில் இருந்த கல்லைப் பார்த்து இந்தப் பெயரை வைத்தார். அந்தக் கல் போனது நம் சென்னைப் பக்கத்திலிருந்துதான்.

இது தீப்பாறையா, உருமாறியதா? ஹாலண்ட் தீப்பாறை என்றார். பிறகு வந்த பலர் உருமாறியது என்றார்கள். நூறாண்டுகளுக்கு மேல் வாதம் நடந்தது. அடையாளத் தாது ஆர்த்தோபைராக்சீன். அதில் நீர் இல்லை. பயோட்டைட்டிலும் ஹார்ன்பிளெண்டிலும் நீர் கட்டுண்டு இருக்கிறது. 700 முதல் 900 டிகிரி வெப்பத்தில், நீர் மிகக் குறைவான சூழலில், இந்த இரண்டும் நிலைக்க முடியாமல் சிதைந்து பைராக்சீனைத் தரும். திடமான நைஸ் அப்படி வறண்டாலும் சார்னோகைட் ஆகும், வறண்ட குழம்பு நேரடியாக இறுகினாலும் சார்னோகைட் ஆகும். இரண்டு வழியும் உண்மை என்பதுதான் இன்றைய நிலை.

கார்னெட் என்ற தாதுவும் பைராக்சீனும் அடுத்தடுத்து இருந்தால், இரும்பும் மெக்னீசியமும் அவற்றுக்குள் எப்படிப் பங்கு போடப்பட்டிருக்கின்றன என்பது அவை சமநிலைக்கு வந்தபோதிருந்த வெப்பநிலையைக் காட்டிக்கொடுக்கும். அதோடு ஃபெல்ஸ்பாரையும் சேர்த்துப் பார்த்தால் அழுத்தமும் தெரியும். தென்னிந்தியச் சார்னோகைட்டுகளில் இப்படிக் கிடைத்த அழுத்தங்கள் பொதுவாக 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தைக் காட்டுகின்றன. அவ்வளவு தடிமனான பாறை மேலிருந்து அரித்துப் போன பிறகுதான் அது வெளியே வந்திருக்கிறது. வயதைச் சொல்வது ஜிர்கான் என்ற சின்னஞ்சிறு படிகம். அதற்குள் சிக்கிய யுரேனியம்-238-இல் பாதி ஈயமாக மாற 447 கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டின் விகிதத்தை அளந்து காலத்தைக் கணக்கிடுகிறார்கள்.

களத்தில் எந்தச் சார்னோகைட் எந்த வழியில் வந்தது என்று அறிய, அது பக்கத்துப் பாறையைச் சந்திக்கும் இடத்துக்குப் போக வேண்டும். நைஸின் வரிகள் மெல்ல மங்கி, கரும்பச்சைத் திட்டுக்குள்ளும் அதே திசையில் தொடர்ந்தால், நைஸ்தான் அங்கேயே சார்னோகைட்டாக மாறியிருக்கிறது. எல்லை கூர்மையாக இருந்து, நைஸின் உடைந்த துண்டுகள் உள்ளே வெவ்வேறு கோணத்தில் மிதப்பது போலக் கிடந்தால், வந்தது குழம்பு. ஒரு நல்ல வெட்டுமுகத்தில் அரைமணி நேரம் நின்று லென்ஸோடு பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஓடும் குவாரிக்குள் மட்டும் அனுமதியில்லாமல் போக வேண்டாம். வெடி வைத்த சுவரில் தளர்ந்த கற்கள் தொங்கிக்கொண்டிருக்கும்.