ஈக்வலைசர்: எதற்கு எது சமம்?

பாட்டுச் செயலியிலோ கார் ஸ்டீரியோவிலோ ‘ஈக்வலைசர்’ என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் ஐந்தோ பத்தோ சின்னத் தள்ளுகோல்கள். நம்மில் பலர் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஏற்றி, நடுவைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிடுவோம். பேஸ் தூக்கலாகவும் டிரபிள் பளிச்சென்றும் கேட்கும். விறுவிறுப்பாகத்தான் இருக்கும், தப்பில்லை. ஆனால் அந்தச் சொல் சொல்லும் வேலை அதுவல்ல. ஈக்வலைசர் என்றால் சமமாக்குவது. எதை எதற்குச் சமமாக்குவது? வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

இந்தச் சொல் தொலைபேசிக் கம்பிகளோடு வளர்ந்தது. நீளமான கம்பியில் பேச்சு போகும்போது எல்லா அதிர்வெண்களும் ஒரே அளவில் தேய்வதில்லை. கீழ் ஒலிகள் ஓரளவு பிழைத்துப் போய்ச் சேரும், மேல் ஒலிகள் அதிகமாகத் தேய்ந்துவிடும். மறுமுனையில் இருப்பவருக்குப் போர்வைக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கும். அதனால் கம்பி எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு தின்றது என்று அளந்து, அதற்கு நேர்மாறாக நடக்கும் ஒரு மின்சுற்றை வழியில் வைத்தார்கள். கம்பியும் சுற்றும் சேர்ந்தால் எல்லா அதிர்வெண்ணும் ஒரே அளவில் போய்ச் சேரும். அதுதான் ஈக்வலைசர். அமெரிக்கத் தொலைபேசித் துறையில் பணியாற்றிய ஓட்டோ ஸோபெல் இத்தகைய சுற்றுகளை வடிவமைக்கும் முறையை விளக்கி 1928-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மின்பொறியியல் மாணவர்களுக்கு அவர் பெயர் இன்றும் பழக்கம்.

ஆக, ‘சமம்’ என்பது தள்ளுகோல்களின் உயரத்தைப் பற்றியது அல்ல. அனுப்பியதும் வந்து சேர்ந்ததும் சமமாக இருக்க வேண்டும் என்பதே பொருள். இசைத்தட்டு இதற்கு நல்ல உதாரணம். தட்டில் பதியும்போது பேஸைக் குறைத்து, டிரபிளைக் கூட்டிப் பதிவார்கள். ஒலிக்கும்போது ஆம்ப்ளிஃபையர் அதை அப்படியே தலைகீழாக்கும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கூட்டிக் குறைப்பது என்று 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கம் வகுத்த வளைவுக்குப் பெயரே ஈக்வலைசேஷன்தான். அங்கே யாருடைய ரசனைக்கும் இடமில்லை, போன கணக்கும் வந்த கணக்கும் நேராக வேண்டும், அவ்வளவுதான். ரசனைக்குத் திருகும் குமிழுக்கு ‘டோன் கண்ட்ரோல்’ என்று வேறு பெயர் இருந்தது. பிற்பாடு இரண்டும் கலந்துபோய், இன்று ரசனைக்குத் திருகுவதையும் ஈக்வலைசர் என்றே சொல்கிறோம்.

சொல்லின் வேரைத் தோண்டினால் லத்தீன் மொழியின் ‘ஐக்வுஸ்’ வருகிறது. அதற்கு மட்டமான, மேடுபள்ளம் இல்லாத என்று பொருள். அதே வேரிலிருந்து வந்த ‘ஐக்வோர்’ சமவெளியையும் அமைதியான கடல் பரப்பையும் குறித்தது. ‘இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடு’ என்ற கணக்குப் பொருளோடு, மண்ணும் நீரும் மட்டமாக இருக்கிற காட்சியும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழ்ச் சொல்லைத் தேடும்போது உதவும்.

அதற்கு முன் அறைக்குள் போகலாம். வீட்டில் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவில் கம்பி இல்லை, அறை இருக்கிறது. தேய்மானத்தைச் செய்வது இங்கே அறைதான். எங்கள் ஹால் 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை. சோபா பின்சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கிறது, உள்ளறைக்குப் போக வழி வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மின்விசிறியை நிறுத்தி, ஃபிரிட்ஜையும் அரை மணி நேரம் அணைத்துவிட்டு, உட்காரும்போது காது இருக்கும் உயரத்தில் அளவு மைக்கை, அதாவது ஒலியை அளப்பதற்கென்றே உள்ள மைக்கை, முக்காலியில் நிறுத்தினேன். மடிக்கணினியில் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள். அது ஒரு ஒலியை ஆழத்தில் தொடங்கி உச்சி வரைக்கும் ஒரே இழுப்பாக ஏற்றிக்கொண்டே போகும். முதலில் காதுக்கு எட்டாத உறுமல், அப்புறம் யாரோ ஊளையிடுவதுபோல், கடைசியில் விசில். உறுமல் ஏறுகிற வழியில் ஓரிடத்தில் மூலையில் இருந்த இரும்பு பீரோவின் கதவு தடதடவென்று அதிர்ந்தது. இத்தனை நாள் படம் பார்க்கும்போது சப்வூஃபர் (ஆழ்ந்த பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) கிழிந்துவிட்டதோ என்று பயந்தது அந்தச் சத்தத்துக்குத்தான். கதவிடுக்கில் ஒரு துணியை மடித்துச் செருகினேன், நின்றுவிட்டது. எந்த ஈக்வலைசரும் செய்ய முடியாத வேலை அது.

எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்கக் கேட்டது என்று காட்டும் கோடு திரையில் வந்தது. பார்த்தால் வயக்காடு மாதிரி இருந்தது. 40 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 40 அதிர்வு) ஒரு பெரிய மேடு, 95 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கிணறு. இரண்டுக்கும் காரணத்தைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். 14 அடி என்பது 4.27 மீட்டர். அரை அலைநீளம் அறையின் நீளத்துக்குச் சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் ஒலி இரண்டு சுவருக்கும் நடுவே நிலை அலையாக, அதாவது நகராமல் ஒரே இடத்தில் வலுத்து, நிற்கும். 343-ஐ 4.27-இன் இரு மடங்கால் வகுத்தால் 40. அந்த மேடு ஸ்பீக்கரின் குற்றம் இல்லை, கொத்தனார் கட்டிய நீளத்தின் விளைவு. கிணறு வேறு கதை. காதைக் கடந்து போன ஒலி 3 அடி தள்ளி இருக்கும் பின்சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. போக வர 6 அடி. 94 ஹெர்ட்ஸுக்கு அது சரியாக அரை அலைநீளம். நேராக வந்த ஒலி மேலே தள்ளும்போது திரும்பி வந்த ஒலி கீழே இழுக்கிறது. ஒன்றை ஒன்று அடித்துவிடும்.

வயலை மட்டமாக்குகிறவர் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடுவார். ஒலியில் மேட்டை வெட்டலாம். 40 ஹெர்ட்ஸில் அந்த மேட்டின் அகலத்துக்கே ஒரு வடிகட்டியைப் போட்டு இறக்கினால் கோடு படிகிறது, பேஸின் இழுவையும் குறைகிறது. பள்ளத்தை மட்டும் நிரப்ப முடியாது. 95 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) ஏற்றிப் பார்த்தேன். நேராக வரும் ஒலி எவ்வளவு கூடியதோ அவ்வளவு சுவரிலிருந்து திரும்பும் ஒலியும் கூடியது, பள்ளம் பள்ளமாகவே இருந்தது. 6 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபையர் 4 மடங்கு சக்தி தர வேண்டும், 10 டெசிபல் என்றால் 10 மடங்கு. அடியில்லாத குழியில் மண் கொட்டுவதுபோல்தான். சோபாவை ஓர் அடி நகர்த்தினேன், பள்ளம் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தது. ஹோம் தியேட்டர் வாங்கும் எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பொத்தானைத் தொடும் முன் சோபாவையும் சப்வூஃபரையும் நகர்த்திப் பாருங்கள், காசு செலவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைக்கை ஒரு முழம் பக்கவாட்டில் தள்ளி வைத்து மறுபடி அளந்தால், கோட்டின் கீழ்ப்பகுதி ஏறக்குறைய அப்படியே இருக்கும், மேல்பகுதி முற்றிலும் மாறிவிடும். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே அறை ஆட்சி செய்கிறது என்பதற்கு ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் ஒரு சூத்திரம் தந்தார். எதிர்முழக்க நேரத்தை (ஒலி நின்ற பிறகு அறையில் அதன் முழக்கம் அடங்க ஆகும் நேரத்தை) நொடியிலும், அறையின் கனஅளவைக் கனமீட்டரிலும் எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு 2000-ஆல் பெருக்க வேண்டும். எங்கள் ஹாலுக்கு 200-க்கும் 250-க்கும் நடுவில் வருகிறது. அதற்குக் கீழே திருத்துவதில் பலன் உண்டு. அதற்கு மேலே ஒற்றை அளவீட்டைப் பார்த்து ஒவ்வொரு சின்ன முள்ளையும் வெட்டினால், அந்த ஒரு புள்ளியில் தலையை அசைக்காமல் இருந்தால்தான் பலன். அதனால்தான் ஆடிஸி, டிராக் போன்ற, அறைக்கு ஏற்ப ஒலியைத் திருத்தும் தானியங்கி முறைகள் பல இடங்களில் மைக்கை வைக்கச் சொல்கின்றன. சோம்பல்படாமல் எல்லா இடத்திலும் வையுங்கள்.

கோட்டை ஸ்கேல் வைத்தாற்போல் நேராக்குவதும் இலக்கு அல்ல. நல்ல ஸ்பீக்கரைச் சாதாரண அறையில் வைத்து அளந்தால், கீழ் ஒலியிலிருந்து மேல் ஒலிக்குக் கோடு மெதுவாகச் சரியும். அதை வலிந்து நிமிர்த்தினால் குரல் மெலிந்து, காதைக் குத்தும். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் போன்ற ஒலி ஆய்வாளர்களின் ஆய்வுகள் இதை விரிவாகக் காட்டியிருக்கின்றன. ‘சமம்’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு கோட்டைத் தட்டையாக்கினால் ஏமாற்றம்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சமன்படுத்தி, சமனாக்கி, சமநிலைப்படுத்தி என்று பல வடிவங்களைப் பார்க்கலாம். மூன்றும் ‘சம’ என்ற வடசொல் வேரிலிருந்து வருபவை. ஆங்கிலத்தின் ‘சேம்’ கூட அந்த வேருக்கு உறவுதான். ஆனால் ‘சமன்’ தமிழில் மிகப் பழைய குடி. ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்கிறது 118-ஆம் குறள். துலாக்கோல் முதலில் தான் சமனாக நின்று, பிறகுதான் பொருளை எடை பார்க்கிறது. அளவு மைக்குக்கு இதைவிடப் பொருத்தமான வருணனை எனக்குத் தெரியவில்லை. யுமிக்-1 போன்ற அளவு மைக்கை வாங்கினால் அதன் வரிசை எண்ணுக்கென்றே ஒரு திருத்தக் கோப்பு தருவார்கள். அந்த மைக் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டும் என்ற கணக்கு அதில் இருக்கும். அதை மென்பொருளில் ஏற்றிய பிறகுதான் அளவீட்டை நம்பலாம். எனவே ‘சமன்செய்தல்’ என்பதை நான் கேலிபரேஷன் பக்கம் வைப்பேன். அளவுதிருத்தம் என்ற சொல்லும் அதற்கு வழக்கில் உண்டு.

சமநிலைப்படுத்தி என்பதை ஏற்க எனக்குத் தயக்கம். சமநிலை என்றதும் இடது வலது ஸ்பீக்கரின் பேலன்ஸ்தான் நினைவுக்கு வருகிறது, அது வேறு குமிழ். சமனாக்கி பரவாயில்லை, ஆனால் எல்லாத் தள்ளுகோலையும் ஒரே உயரத்தில் வைப்பது என்ற தவறான படத்தை அதுவும் தருகிறது.

என் தேர்வு ‘நிரவி’. ‘நிரவு’ என்றால் மேடுபள்ளத்தை மட்டமாக்கு என்று பொருள். ‘குழியை நிரவிவிட்டு நடு’, ‘மணலை நிரவிவிடு’ என்று இன்றும் சொல்கிறோம். லத்தீனின் ‘ஐக்வுஸ்’ எந்த மட்டத்தைக் குறித்ததோ, தமிழின் ‘நிரவு’ம் அதே மட்டத்தைக் குறிக்கிறது. திரையில் தெரியும் கோட்டைப் பார்த்து ஒருவர் செய்வதும் அதைத்தான். ஒரு சிக்கல் உண்டு. கர்நாடக இசையில் ‘நிரவல்’ என்பது சாகித்தியத்தின் ஒரு வரியைத் தாளத்துக்குள் பரப்பிப் பரப்பிப் பாடுவது. ‘ஒலி நிரவல்’ என்றால் கச்சேரி கேட்பவருக்குக் குழப்பம் வரும். ஆகவே கருவிக்கு ‘ஒலிநிரவி’, வேலைக்கு ‘ஒலி நிரவுதல்’ என்று வைத்துக்கொண்டால் போதும்.

உடன் வரும் சொற்களும் எளிதில் அமைகின்றன. கிராஃபிக் ஈக்வலைசர் என்ற பெயர், தள்ளுகோல்களின் வரிசையே வளைவை வரைந்து காட்டுவதால் வந்தது. அது வரைபட நிரவி. பாராமெட்ரிக் என்பது 1972-இல் ஜார்ஜ் மாசன்பர்க் தன் ஆய்வுரையில் பயன்படுத்திய பெயர். எந்த அதிர்வெண், எவ்வளவு ஏற்ற இறக்கம், எவ்வளவு அகலம் என்ற மூன்று அளவுருக்களையும் நாமே தீர்மானிக்கலாம் என்பதால் அது அளவுரு நிரவி. அறையின் மேட்டுக்கு ஏற்றது இதுதான், ஏனென்றால் எங்கள் ஹாலின் மேடு வழக்கமான பத்துத் தள்ளுகோல் வரிசையில் எதுவும் நிற்கும் இடத்தில் வந்து உட்காரவில்லை. அதிர்வெண்ணை இலங்கைப் பாடநூல்கள் மீடிறன் என்கின்றன, ஒத்ததிர்வைப் பரிவு என்கின்றன. பரிவு எனக்கு மிகவும் பிடித்த சொல். மூலையில் இருந்த பீரோ சப்வூஃபரின் உறுமலுக்குப் பரிந்துதான் தானும் அதிர்ந்தது.

அன்று சாயங்காலம் 40 ஹெர்ட்ஸ் மேட்டை நிரவிய பிறகு ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன். இதுவரை ஒரே ‘தொம்’ என்று கேட்ட மிருதங்கத்தின் பேஸ் பக்கமான தொப்பியில், அடி விழுவதும் அப்புறம் உள்ளங்கை அதை அமுக்கி மேலே வளைப்பதும் தனித்தனியாகக் கேட்டன.